அரசறிவியலில் கலாநிதிப் பட்டம்: தமிழ்ப் பிள்ளை என்றால் இனப்பிரச்சினைதான் தலைப்பா?

கேள்வி: கொழும்பில் இருக்கிறேன். அரசறிவியலில் முதுமாணி முடித்துவிட்டேன், கலாநிதிப் பட்டத்துக்குப் பதிய யோசனை. தமிழர் என்பதால் இனப்பிரச்சினையைத்தான் ஆராய வேண்டுமா? வேறு தலைப்பு எடுத்தால் மதிப்பார்களா?

முதல் இரண்டு வருடம் மதிக்கமாட்டார்கள். பிறகு பழகிவிடுவார்கள்.

உங்களுக்கும் யாரோ ஒரு சேர் "வடக்கை எடுங்கோ, பாஷை தெரியும்தானே" என்று சொல்லியிருக்கிறார் போல. இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வந்திருக்காது. எனக்கும் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், அதுதான் கூடுதலாக எரிச்சல்.

நான் கொழும்பில் ஒரு மாகாணப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். தேசியப் பாடசாலை மத்திய கல்வி அமைச்சுக்குக் கீழே, எங்களுடையது மேல் மாகாண சபைக்குக் கீழே. இந்த வித்தியாசம் பெற்றோரில் பாதிப்பேருக்குத் தெரியாது. 2019 ஏப்ரலில் மேல் மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது, புதிதாகத் தேர்தல் வைக்கவில்லை. அதாவது எங்கள் மாகாணக் கல்வி அமைச்சர் ஒருநாள் காலையில் இல்லாமல் போனார். ஆசிரியர் அறையில் அதைப் பற்றி ஒருவர்கூடக் கதைக்கவில்லை. சம்பளம் வந்தது, இடமாற்றக் கடிதம் வந்தது, மழைக்கு எட்டாம் வகுப்புக் கூரை வழக்கம்போல ஒழுகியது. கூரைக்காக முன்பு ஒரு மாகாண சபை உறுப்பினரைப் பிடித்து அலைவோம். இனி யாரைப் பிடிப்பது என்று அதிபர் கேட்டபோது எனக்கும் பதில் தெரியவில்லை. அதுவே என் ஆய்வுக் கேள்வியாயிற்று: தெரிவுசெய்யப்பட்டவர்கள் இல்லாத ஒரு சபை எப்படி நடக்கிறது, மக்கள் யாரிடம் போகிறார்கள்?

ஆய்வு முன்மொழிவைக் கொண்டுபோய் வைத்தபோது குழுவில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மேல் மாகாணத்தில் என்ன பிரச்சினை இருக்கிறது, நீங்கள் வட மாகாண சபையைச் செய்யலாமே என்றார். இன்னொருவர், வெளிநாட்டுப் புலமைப்பரிசில் கிடைக்க வேண்டுமென்றால் தலைப்பில் 'போருக்குப் பின்னரான' என்று ஒரு சொல் இருப்பது நல்லது என்றார். அவர் சொன்னது உண்மையும்தான். எனக்குப் புலமைப்பரிசில் கிடைக்கவேயில்லை.

இந்த இடத்தில் யாரோ கிளம்பி வருவார்கள் என்று தெரியும், அதனால் சொல்லிவைக்கிறேன். இனப்பிரச்சினை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் 1983 கலவரத்துக்கு முந்தைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை, அல்பமும் சேர்ந்துதான் எரிந்தது. எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நான் கேட்பது வேறு. என் சிங்களச் சிநேகிதி குப்பை முகாமைத்துவம் பற்றி ஆராயலாம், விருப்பு வாக்கு பற்றி ஆராயலாம். அவளிடம் யாரும் "உங்கட ஆக்களைப் பற்றி எழுதுங்கோவன்" என்று சொல்வதில்லை. நான் மட்டும் என் பெயருக்கேற்ற தலைப்பை எடுக்க வேண்டுமா?

குழுவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். மாகாண சபை முறை இந்திய இலங்கை ஒப்பந்தத்தின் பிறகு, 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு வந்தது, எங்களுடைய பிரச்சினைக்குத் தீர்வாக. ஆனால் 1988இல் தெரிவான வடக்குக் கிழக்கு மாகாண சபை 1990க்குமேல் நிலைக்கவில்லை. வடக்குக்கென்று தனிச் சபை வந்தது 2013இல், 2018இல் காலம் முடிந்தது. ஐந்தே வருடம். கேட்காத மேல் மாகாணம் 1988இலிருந்து 2019 வரை அதை வைத்து நடத்தியிருக்கிறது. ஒரு நிறுவனம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, அதைப் பாவித்தவர்களிடம் போவதில் என்ன பிழை? மூக்குக்கண்ணாடிக்காரர் சிரித்தார், ஆனால் விட்டார்.

தரவு தேடும்போதுதான் அரசறிவியல் எவ்வளவு சுவாரசியமானது என்று விளங்கிற்று. ஒரு உதாரணம். 2017இல் மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அதன் நோக்கம் வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு இடம் ஒதுக்குவது. குழுநிலையில் திருத்தம் மேல் திருத்தம் செருகி, தேர்தல் முறையையே மாற்றிவிட்டார்கள். 17ஆம் இலக்கச் சட்டம். புதிய முறைக்குத் தொகுதி எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைப் பாராளுமன்றத்தில் வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பிறகு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு, இரண்டு மாதத்தில் அறிக்கை தரவேண்டும், தரவில்லை. பழைய முறை போய்விட்டது, புதிய முறை வரவில்லை. ஒவ்வொரு சபையாகக் காலம் முடிந்து, 2019இல் ஊவா மாகாண சபையோடு ஒன்பதும் முடிந்தன. பெண்களுக்கு இடம் கொடுக்க வந்த சட்டத்தின் வழியாகவே யாருக்கும் இடமில்லாமல் போயிற்று. நான் பெண் என்பதால் இதை இழுக்கிறேன் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒருவர் நினைத்திருக்கலாம். நினைக்கட்டும்.

அதற்கிடையில் 2018இல் மேல் மாகாண சபையின் புதிய கட்டடத்துக்கு, ஒரு கதிரை 640,000 ரூபாவுக்கு வாங்கப் போய் நாடே சிரித்தது ஞாபகமிருக்கலாம். 104 உறுப்பினர் கொண்ட சபை. அடுத்த வருடம் கதிரையில் இருக்க ஆளில்லை.

நான் சந்தித்த முன்னாள் உறுப்பினர்களில் ஒருவர் வீட்டு வாசலில் இன்னும் 'மாகாண சபை உறுப்பினர்' என்ற பலகை. கழற்றவில்லையா என்று கேட்டேன். "கழற்றினால் சனம் வராது மிஸ்" என்றார். உண்மையிலேயே நான் இருந்த ஒன்றரை மணித்தியாலத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தனியார் பஸ் வழி அனுமதிப்பத்திரத்துக்கு, ஒருவர் மகளின் பாடசாலை அனுமதிக்கு, மற்றவர் கடன் கேட்டு. அதிகாரம் ஒன்றும் இல்லாத மனிதர், தொலைபேசியில் யாரையோ "மல்லி" (தம்பி) என்று கூப்பிட்டுக் கதைத்து, முதலாமவரின் வேலையை முடித்துக் கொடுத்தார். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் அந்தத் திண்ணையில்தான் பிறந்தது. இதை ஏற்கெனவே இருக்கும் கோட்பாட்டுப் பெட்டிக்குள் அடக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது, அந்தக் கதையை விட்டுவிடுகிறேன்.

கஷ்டங்களும் சொல்லவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு அலுவலகத்துக்குத் தமிழில் விண்ணப்பித்தேன். பதினான்கு வேலை நாளில் முடிவு சொல்லவேண்டும். பதில் வந்தது, பிந்தி, சிங்களத்தில் மட்டும். தமிழில் பதில் பெற எனக்கு உரிமை இருப்பதாக அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது என்று திரும்ப எழுதினேன். அதற்கும் பதில் சிங்களத்திலேயே வந்தது. பெயர் சொல்ல விரும்பவில்லை, அங்கே எனக்கு உதவிய ஒரு நல்ல எழுதுவினைஞரும் இருந்தார். பிறகு 2022. மின்வெட்டு, எரிபொருள் வரிசை. பேட்டிக்குப் போக ஓட்டோவும் இல்லை, போனால் பேட்டி கொடுப்பவரும் வரிசையில் நின்றார்.

2024 ஒக்டோபரில் பட்டம் உறுதியானது. டிசம்பரில், பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத சபாநாயகர் தன் கலாநிதிப் பட்டச் சர்ச்சையில் பதவி விலகினார். அதோடு என் கதை முடிந்தது. வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டில் மாமி எல்லோருக்கும் கேட்கும்படி, "பிள்ளை, உன்ர பட்டம் மெய்யானதுதானே?" என்றா. ஐந்து வருடம் இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து எழுதியது, சோற்றுக்கும் பாயாசத்துக்கும் நடுவில் இப்படி விசாரணைக்கு வந்தது. காசுக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வாங்கி வாசலில் பலகை அடிப்பவர்களை எந்த மாமியும் கேட்பதில்லை. அவர்களுக்குப் பொன்னாடை, எங்களுக்குக் குறுக்கு விசாரணை. சரி, இது நீங்கள் கேட்ட கேள்வி இல்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வடக்கை எடுக்க உங்களுக்கே ஆசை இருந்தால் தாராளமாக எடுங்கள், யாரோ சொன்னார் என்று எடுக்காதீர்கள். நாளை சபைகளுக்குத் தேர்தல் வந்தால் என் தலைப்புப் பழசாகிவிடும் என்று என் மேற்பார்வையாளர் அடிக்கடி பயந்தார், உங்களுக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பார். தலைப்பைவிட முதலில் சிங்களத்தைப் பாருங்கள். கதைக்கத் தெரிவது போதாது, பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சார்ட் வாசிக்க வேண்டும். அதில் யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகியிருக்கும், மொழிபெயர்ப்பு இருக்காது. நான் பஸ்ஸில் வாய் கிழியச் சிங்களம் கதைப்பேன். எல்லை நிர்ணயத்துக்கான சிங்களச் சொல்லை ஹன்சார்ட்டில் முதல்முறை பார்த்தபோது முழித்தேன். பிறகு ஆறு மாதம் சனிக்கிழமை தோறும் ஒரு டியூஷன் வகுப்பில், சாதாரணதரப் பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வாங்கில் இருந்து படித்தேன். அதில் இரண்டு பேர் என் பாடசாலைப் பிள்ளைகள்.