பெரியவர் அனுப்பிய 31 கார்டுகள்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து பக்கத்தில் இருக்கிறோம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு பேஸ்பால் ஒட்டிக்கொண்டது மகனால்தான். அவனுக்கு 12 வயது. ஐந்து வருடமாக இருவரும் பேஸ்பால் கார்டு, அதாவது ஆட்டக்காரரின் படமும் ஆட்டக் கணக்கும் அச்சிட்ட அட்டைகள், சேர்க்கிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு ஹாலில் கார்டு சந்தை நடக்கும். அங்கே பழக்கமானவர் 78 வயதுப் பெரியவர் ஒருவர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்.

போன மாதம் அவரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே 31 கார்டுகள். அத்தனையிலும் ஆட்டக்காரர்களின் கையெழுத்து. பாப் ஃபெல்லர், ராக்கி கொலவிட்டோ, ஹார்மன் கில்லப்ரூ ஆகிய மூன்று பெயர்கள்தான் எனக்குத் தெரிந்தவை. நாலைந்து கார்டுகளில் பெரியவரின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு சின்னக் கடிதம்: "கண் மங்கிக்கொண்டே வருகிறது. பார்க்கத் தெரிந்தவர்களிடம் இவை இருக்கட்டும்."

சும்மா வாங்கக்கூடாது, அதே மதிப்புக்கு ஏதாவது செய்யுங்கள் என்கிறார் மனைவி. விற்றால் பையன் படிப்புக்கு ஆகும் என்கிறார் ஆபீஸ் நண்பர். கையெழுத்தைச் சோதித்து பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் கம்பெனிக்கு அனுப்பலாம் என்கிறான் மகன். எனக்கோ பெரிய கடன் ஏறிய மாதிரி இருக்கிறது. என்ன சொல்வது என்று தெரியாமல் மூன்று வாரமாக அவருக்குப் போன்கூடச் செய்யவில்லை. நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம், கிளீவ்லாந்து)

பதில்: முதலில் போனை எடுங்கள். இதைப் படித்து முடிக்கிற வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கடிதங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர், தான் அனுப்பிய பார்சல் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் மூன்று வாரமாக இருக்கிறார். "வந்தது, பிரித்துப் பார்த்தோம், பேச்சே வரவில்லை" என்று சொன்னால் போதும். அழகான ஆங்கிலத்தில் நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டிருந்தால், அதை விட்டுவிடுங்கள். கண் மங்குகிறது என்றுதானே எழுதியிருக்கிறார்? அவருக்கு வேண்டியது குரல்.

பேசிவிட்டீர்களா? சரி, இப்போது கடன் விஷயத்துக்கு வருவோம். உங்கள் மனைவி சொல்வது எனக்கு நன்றாகவே புரிகிறது. நாம் மொய் நோட்டோடு வளர்ந்தவர்கள். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று எழுதிவைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பி வைப்பதுதான் நமக்கு மரியாதை. அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ குடும்பங்கள் அதில்தான் கரையேறியிருக்கின்றன. ஆனால் இந்தப் பெரியவர் உங்கள் வீட்டில் மொய் வைக்கவில்லை. தனக்குப் பிறகு இவை எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவ்வளவு பேர் வந்துபோகும் சந்தையில் அவர் உங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், உங்கள் பையன் உட்கார்ந்து கேட்டான் என்பதுதான். அதே விலைக்கு நீங்கள் ஒரு பொருளை வாங்கிக்கொண்டு போய் நின்றால், கொடுத்ததை அவர் விற்றது போல ஆகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் தன்னிடம் உள்ளதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். பதிலுக்குக் கார்டு வாங்கிக் கொடுத்தால், இறக்கிவைத்த சுமையைத் திரும்பத் தூக்கிக் கொடுப்பதாகும்.

பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரத்தில் ஏதாவது வந்தால், அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம், இல்லையா? கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். அந்த அளவு போதும். என்ன போடலாம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் ஆபீஸ் நண்பர் செய்தியில் வந்த விலைகளைப் பார்த்துப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். 1952இல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட, மிக்கி மேன்ட்டில் என்ற ஆட்டக்காரரின் கார்டு ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். அது அபூர்வமான நிலையில் தப்பிப் பிழைத்த கார்டு. உங்களிடம் உள்ளவற்றை அந்தக் கண்ணால் பார்க்காதீர்கள். ஃபெல்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936 முதல் 1956 வரை கிளீவ்லாந்து அணிக்கு மட்டுமே பந்து வீசியவர். இரண்டாம் உலகப் போரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட உடனே கடற்படையில் சேர்ந்து, நல்ல வயதின் ஆண்டுகளைப் போருக்குக் கொடுத்தும் 266 ஆட்டங்களை வென்றவர். இவ்வளவு பெரிய ஆளின் கையெழுத்துக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. 2010இல் 92 வயதில் இறக்கும்வரை கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக்கொடுத்தார் என்பதுதான் காரணம். இதில் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

இப்போது அந்தப் பெயர் தெரியாத 28 பேர். எனக்கு அவர்கள்மேல்தான் கண். இன்று கடையில் விற்கும் கார்டு உறைக்குள்ளேயே கையெழுத்துப் போட்ட கார்டு வருகிறது. 1990இல் அப்பர் டெக் கம்பெனி ரெஜி ஜாக்சன் என்ற ஆட்டக்காரர் கையெழுத்திட்ட 2,500 கார்டுகளை உறைகளில் கலந்துவிட்டதிலிருந்து அது பெரிய வழக்கமாகிவிட்டது. அதற்கு முன்னால் கையெழுத்து வேண்டுமென்றால் மைதான வாசலில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தபாலில் அனுப்ப வேண்டும். கார்டோடு ஒரு கடிதம், திரும்பி வர உங்கள் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய இன்னொரு உறை. மூன்றையும் சேர்த்து அணியின் மைதான முகவரிக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1972இல் ஒரு கடிதத்துக்கு 8 சென்ட் தபால்தலை. போக ஒன்று, வர ஒன்று. சில கார்டுகள் பத்து நாளில் வரும், சில பல மாதம் கழித்து வரும், சில வரவே வராது. பெரியவருடைய கார்டுகளில் எத்தனை இப்படி வந்தவை, எத்தனை நேரில் வாங்கியவை என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் அவர் பெயர் எழுதிய கார்டுகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெயர் எழுதியிருந்தால் பொதுவாக விலை குறையும். வாங்குகிறவர் வேறொருவர் பெயர் எழுதிய கார்டுக்கு அதிகம் கொடுக்க மாட்டார். பெயரை மட்டும் துடைத்து அழித்து விற்பவர்களும் உண்டு. யார் சொன்னாலும் நீங்கள் அதைச் செய்யாதீர்கள். எங்கோ ஓர் ஆட்டக்காரர், ஆட்டம் முடிந்த களைப்பில், குவிந்து கிடந்த கடிதங்களில் ஒன்றைப் பிரித்து, எழுதியவன் பெயரைப் பார்த்து, அந்தப் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார். ஹார்மன் கில்லப்ரூ இதை மதித்த மனிதர். 573 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தவர், ஒவ்வொரு கையெழுத்தையும் படிக்கிற மாதிரிப் போடுவார். டோரி ஹன்ட்டர் போன்ற அடுத்த தலைமுறை ஆட்டக்காரர்கள் கிறுக்கியதைப் பார்த்துவிட்டு, ஒழுங்காக எழுது என்று அவரே திருத்தியிருக்கிறார். உங்களிடம் உள்ள கில்லப்ரூ கார்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தும் தெரிய வேண்டும்.

அப்புறம் கொலவிட்டோ. 1959இல், அமெரிக்கப் பேஸ்பாலின் இரண்டு பெரிய பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் கில்லப்ரூவும் அவரும் ஆளுக்கு 42 ஹோம் ரன் அடித்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். கிளீவ்லாந்துப் பிள்ளைகளுக்கு அவர்தான் எல்லாம். அடுத்த ஏப்ரலில், ஆட்டப் பருவம் தொடங்குகிற நேரத்தில், அணி அவரை டெட்ராய்ட் அணிக்குக் கொடுத்து ஹார்வி கியூன் என்ற ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டது. ஊரே ஆறாமல் போனது. உங்கள் பெரியவருக்கு அப்போது 13 வயது இருக்கும், கிட்டத்தட்ட உங்கள் மகன் வயது. அந்தக் கையெழுத்தை வாங்கியது அதற்கு முன்பா, பின்பா என்று கேளுங்கள். எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

கேட்டதை எழுதிவைத்துக்கொள்ளவும் வேண்டும். என் பெரிய மாமா தபால்தலை சேர்த்தவர். அவர் போன பிறகு ஆல்பம் என்னிடம் வந்தது. சிங்கப்பூர், பர்மா, சிலோன் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. யார் அனுப்பினார்கள், எந்தக் கடிதத்தில் வந்தது, ஒன்றும் தெரியாது. அவர் இருந்தபோது ஒரு மத்தியானம் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. உங்களுக்கு அந்த மத்தியானம் இன்னும் இருக்கிறது.

மகன் சொல்கிற சோதனையும் தப்பில்லை. போலிக் கையெழுத்து இந்தத் துறையின் பெரிய நோய். 1990களில் எஃப்.பி.ஐ. தனி நடவடிக்கை எடுத்துப் பெரிய போலிக் கும்பலைப் பிடித்தது. டோனி க்வின் என்ற ஆட்டக்காரர், தன் பெயரில் விற்பனையாகும் பொருள்களில் இருப்பது தன் கையெழுத்தே இல்லை என்று சொல்லும் அளவுக்குப் போயிருந்தது நிலைமை. தபாலில் வந்தவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. சில நட்சத்திரங்களுக்காக உடைமாற்றும் அறையில் வேலை செய்த பையன்கள் போட்டுக்கொடுத்தார்கள். ஆனால் இப்போதே எல்லாவற்றையும் சோதனைக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு கார்டுக்கும் கட்டணம் உண்டு, பல கார்டுகளின் விலையே அந்த அளவு வராது. அதைவிட முக்கியமாக, "நீங்கள் கொடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம்" என்ற பேச்சு அவர் காதில் விழ வேண்டாம். அவர் திரும்பிவந்த உறைகளை வைத்திருந்தால், முத்திரைத் தேதியோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனிச் சான்றிதழையும்விட எனக்கு அந்த உறைமேல்தான் நம்பிக்கை அதிகம்.

பத்திரப்படுத்துவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதற்குமேல் டாப் லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். பழைய பி.வி.சி. ஆல்பம் தாள் வேண்டாம், அது மையை இழுக்கும். சுவரில் மாட்டினால் வெயில் பட்டுக் கையெழுத்து வெளிறிவிடும். ஈரம் ஏறும் பேஸ்மென்ட்டும் ஆகாது. தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். நம் ஆட்களுக்கு முக்கியமான எதைப் பார்த்தாலும் லேமினேட் செய்யத் தோன்றும் என்பதால் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று. அவருக்குப் பிள்ளைகள் உண்டா? இருந்தால், கார்டுகள் உங்களிடம் வந்திருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்று அவரிடமே கேளுங்கள். தெரியாவிட்டால் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். வயதானவரிடமிருந்து வெளியாள் வாங்கிக்கொண்டார் என்ற பேச்சு பின்னால் வரக்கூடாது. பேரனோ பேத்தியோ ஒன்றை ஆசையாகக் கேட்டால், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுங்கள். விற்பதைப் பற்றியும் மனத்துக்குள் வைத்துக் குமைய வேண்டாம். "என்றாவது பையனுக்கு அவசியம் வந்தால் விற்கலாமா?" என்று நேரிலேயே கேளுங்கள். சரி என்றால் சரி. இல்லை, சேர்க்கிற இன்னொரு பிள்ளைக்குக் கொடு என்றால், அப்படியே செய்யுங்கள்.

வருகிற சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். 31 கார்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் மனைவி கையால் ஏதாவது, காரம் குறைத்து, எலுமிச்சம் சாதமோ கேசரியோ. பாத்திரத்தில் போட வேண்டியது அவ்வளவுதான். பையன் ஒவ்வொரு கார்டாக எடுத்து, முன்பக்கம் யார், என்ன சட்டை, கையெழுத்து எந்த மூலையில் என்று சொல்லிவிட்டு, பின்பக்கத்தில் உள்ள எண்களை உரக்கப் படிக்கட்டும். பெரியவர் பேசுவதை நீங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் 31ஐயும் முடிக்க முயல வேண்டாம். நாலைந்து கார்டோடு நிறுத்திவிட்டு, மீதிக்கு அடுத்த சனிக்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.