விவிடி-ஐ எஞ்சின் இருந்தால் ஓட்டும்போது உண்மையில் என்ன மாறும்?

டொயோட்டாவின் பழைய 110 கொரோலா ஒன்றும் 121 ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டும் 1.5 லீற்றர்தான், 121இல் விவிடி-ஐ இருக்கிறதாம், கொழும்பு டிராபிக்கில் அதனால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும் டொயோட்டாவின் ஏற்பாடுதான் விவிடி-ஐ. ஆனால் நிறையப் பேர் அதை வேகத்துக்கு வைத்த சாமான் என்று நினைக்கிறார்கள். நம்மைப் போல கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஓடுகிறவர்களுக்கு அதன் அருமை நிமிடத்துக்கு 3500 சுற்றுக்குக் கீழேதான் தெரியும்.

எஞ்சின் 750 சுற்றில் ஐடிலில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடிக்கொண்டு, நிற்கும்போது, பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்கிக் காற்றை இழுக்க 40 மில்லி செக்கன் கிடைக்கிறது. 6000 சுற்றில் அதே வேலைக்கு 5 மில்லி செக்கன்தான். அந்த வேகத்தில் பாயும் காற்று சட்டென்று நிற்காது. பிஸ்டன் அடியைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் உள்ளே வந்துகொண்டிருக்கும். அதனால் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வைச் சற்றுத் தாமதித்து மூடினால் லாபம். மெதுவாகச் சுற்றும்போது அப்படித் தாமதித்தாலோ, வந்த காற்றையே பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடும். வண்டி இழுக்காது. 110இல் இருக்கும் 5ஏ-எஃப்இ எஞ்சினில் இந்த நேரம் நிரந்தரமாகப் பூட்டப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தைப் பிடித்துச் சமாளித்திருப்பார்கள்.

121இன் 1என்இசட்-எஃப்இ எஞ்சினில் இன்டேக் கேமின் (இன்டேக் வால்வுகளைத் திறக்கும் தண்டின்) பல்சக்கரத்துக்குள் எஞ்சின் ஒயில் போய்வரும் சிறு அறைகள் இருக்கின்றன. ஒயில் அழுத்தம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கேம் திரும்பும். மொத்தம் சுமார் 40 பாகை இடம். அந்த ஒயிலைத் திருப்பிவிடுவது ஓசிவி என்ற சின்ன வால்வ். அதற்குக் கட்டளை கம்ப்யூட்டரிடமிருந்து. ஐடிலில் இன்டேக்கைப் பின்னுக்கு வைத்து, அதாவது தாமதித்துத் திறந்து, இன்டேக் வால்வும் புகை வெளியேறும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்துவிடும். ஏசி போட்டு பம்பலப்பிட்டி சந்தியில் நின்றாலும் நடுக்கம் இராது. சிக்னல் விழுந்து மிதிக்கும்போது முன்னுக்கு நகர்த்தும், வால்வ் சீக்கிரம் மூடும், இழுவை வரும். சீராக ஓடும்போது எரிந்த புகையில் கொஞ்சத்தை உள்ளேயே தங்கவிட்டுப் பெற்றோலை மிச்சம் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் இரண்டு வண்டியும் ஓடியிருக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் 110க்கு 100 குதிரைவலு, 121க்கு 110 அளவு. பெரிய வித்தியாசமாகத் தெரியாது. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஐந்து பேரோடு ஏசியும் போட்டு ஏறிப் பாருங்கள்: 110இல் ஏசியை நிறுத்த மனம் வரும், 121இல் அந்த எண்ணமே வராது. முழுப் பெருமையும் விவிடிக்குத்தான் என்று சொல்லமாட்டேன்; 121இன் எஞ்சினே புதிய வடிவமைப்பு, கம்ப்ரஷனும் (உள்ளே வந்ததை அமுக்கும் அளவு) அதிகம். டைமிங் பெல்ட் மாற்றும் செலவும் இல்லை, அதில் கேமைச் சுற்றுவது செயின்.

ஹோண்டா 1989இல் இன்டெக்ராவில் கொண்டுவந்த விடெக் வேறு வகை. அது வால்வ் திறக்கும் உயரத்தையும் மாற்றும், உயர் சுற்றில் பலம் எடுக்கத்தான் பிறந்தது. நேர்மாறாக டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான அக்குவாவின் முதல் தலைமுறையைப் பாருங்கள். அதே 1.5 லீற்றர் குடும்பம், எஞ்சின் மட்டும் 74 குதிரைவலுதான். இன்டேக்கை வேண்டுமென்றே மிகவும் தாமதித்து மூடுகிறார்கள். பலம் குறையும், பெற்றோல் மிஞ்சும், குறைந்ததை மின் மோட்டார் ஈடுகட்டும். வால்வ் மூடும் நேரத்தை மட்டும் வைத்து எவ்வளவு செய்யலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இதுதான்.

இனி, வாங்கப் போகிறவர் கட்டாயம் அறிய வேண்டியது. இந்த அமைப்பு முழுக்க எஞ்சின் ஒயிலை நம்பியே உயிர்வாழ்கிறது. ஒயில் மாற்றாமல் இழுத்தடித்த நண்பர் ஒருவரின் டொயோட்டா அலியன் கார் ஐடிலில் குலுங்கிக் குலுங்கி நின்றுவிடும். ஸ்கேனரில் பி0011 காட்டியது, கேம் அளவுக்கு மேல் முன்னுக்கு நிற்கிறது என்ற பிழைக்குறி அது. மெக்கானிக் பாஸ் ஓசிவியின் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார்: விரல் நுனி அளவு வலை, அதன் கண்கள் முழுக்கக் கறுப்புப் பசை. கேம் முன்னுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டது. கழுவிப் பூட்டி, ஒயிலும் மாற்றியதும் சரியாகிவிட்டது. ஓசிவியே போனால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பாவித்தது கிடைக்கும், ஆனால் இதற்குப் புதியதே நல்லது. 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றுங்கள். நம் டிராபிக்கில் வண்டி ஓடாமல் எஞ்சின் மட்டும் ஓடும் நேரம் அதிகம்.

நான் என்றால் 121ஐ எடுப்பேன். பார்க்கப் போகும்போது காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் போங்கள். ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு செக்கனில் செயின் பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் கேமின் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம், விலையில் அதையும் பேசுங்கள். நீங்கள் போகுமுன்பே விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.