வீட்டு மைக்ரோஸ்கோப்புல குளத்துத் தண்ணிய வச்சா நெஜமாவே ஏதாவது தெரியுமா?

கேள்வி கேட்டவர் பையனுக்கு ஆன்லைன்ல 1200 மடங்குன்னு போட்ட மைக்ரோஸ்கோப் வாங்கிக் குடுத்திருக்கார், கோயில் குளத்துத் தண்ணி ஒரு சொட்டு வச்சுப் பாத்தா வெறும் வெளிச்சம்தான் தெரியுதாம், ஏமாந்துட்டோமான்னு கேக்கறார். பாதி ஏமாந்துட்டீங்க சார். மீதிப் பாதி, தண்ணி எடுத்த எடம் தப்பு.

நான் சயின்ஸ் படிச்சவன் கெடையாது, வீடு வியாசர்பாடி, ராயபுரத்துல ஒரு ஆபீஸ்ல பில்லிங் வேலை. நானும் மொதல்ல அதே மாதிரி பொம்மை மைக்ரோஸ்கோப்தான் வாங்கினேன். பிளாஸ்டிக் லென்ஸு, 100 மடங்குக்கு மேல போனா எல்லாமே வானவில் கலர்ல கலங்கிடும், கையி பட்டாலே படம் குதிக்கும். அப்புறம் தெரிஞ்ச ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் கிட்ட பழைய ஸ்டூடண்ட் மைக்ரோஸ்கோப் 4,500 ரூபாய்க்குக் கெடச்சுது. 4, 10, 40ன்னு மூணு லென்ஸ், கண்ணு வைக்கற எடத்துல 10, ரெண்டையும் பெருக்கினா 40, 100, 400 மடங்கு. குளத்துப் பூச்சிங்களுக்கு இது தாராளம், உண்மைய சொன்னா நான் பாக்கறதுல முக்காவாசி 40லயும் 100லயும்தான். மடங்கு ஏற ஏற பாக்கற எடம் சுருங்கிடும், வெளிச்சம் கொறையும், அதுக்குள்ள அந்தப் பூச்சி எங்கியோ ஓடிடும். இதுல இன்னொரு கூத்து, படம் தலைகீழா தெரியும், அது எடது பக்கம் போச்சுன்னா நம்ம ஸ்லைடையும், அதான் சொட்டு வைக்கற கண்ணாடித் தகட்டையும், எடது பக்கமே தள்ளணும், இது கைக்குப் பழக எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

இப்ப தண்ணி விஷயம். நல்ல மைக்ரோஸ்கோப் வந்தும் ரெண்டு மாசம் எனக்கு ஒண்ணும் மாட்டல, ஏன்னா படிக்கட்டுல நின்னு மேலாப்புல தெளிஞ்ச தண்ணியா பாத்து மொண்டுட்டு வருவேன். கொளத்தூர்ல தெருவுக்குத் தெரு கலர் மீன் வளக்கறாங்க இல்ல, அங்க என் மச்சான் ஒருத்தன் ஃபைட்டர் மீன் குஞ்சு பொரிக்கிறான். அவன் கிட்ட சொன்னதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சான். "இன்னா மாமா, தெளிஞ்ச தண்ணில அதுங்க இன்னாத்த துன்னும்? கெட்டுப்போன மாதிரி கீற தண்ணியதான் எடுக்கணும்"னான். அவன் தொட்டியில பாசி புடிச்சு பச்சையான தண்ணி கட்டி வச்சிருக்கான், அதுல மொயினான்னு ஒண்ணு, மீன் குஞ்சுக்குத் தீனி, வெறுங்கண்ணுக்கே வெள்ளைப் புள்ளியா துள்ளும். ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்தான்.

அன்னிக்கு நைட்டு பாத்தது இன்னும் கண்ணுல நிக்குது. ஒடம்பு மொத்தமும் கண்ணாடி. உள்ள பச்சையா ஒரு கோடு போவுது, அது கொடல், தின்ன பாசி அப்படியே தெரியுது. முதுகுப் பக்கம் இதயம், எண்ணவே முடியாத வேகத்துல படபடன்னு அடிக்குது. அதுக்குப் பின்னாடி ஒரு பை மாதிரி, அதுல அஞ்சாறு குட்டிங்க, ஒவ்வொண்ணுக்கும் கறுப்பா ஒரு கண்ணு, உள்ளயே நெளியுதுங்க. தீனி நல்லா கெடைக்கற வரைக்கும் இதுங்களுக்கு ஆணே தேவையில்ல, பொண்ணே பொண்ணா பெத்துக்கிட்டு போகும், தண்ணி வத்துற மாதிரி கஷ்டம் வந்தாதான் ஆண் பொறக்கும். என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, அவ ஒரு மணி நேரம் எழுந்திருக்கல, சாப்பாடு ஆறிப்போச்சு.

அப்பலேருந்து எடுக்கற முறைய மாத்திட்டேன். ரெட்டேரி பக்கம் போனா ஓரமா ஒரு ஆகாயத்தாமரைய புடுங்கி, அந்தக் கறுப்பு வேர ஒரு வெள்ளைக் கிண்ணத்துல அலசுவேன், அந்தக் கலங்கல்தான் பொக்கிஷம். வேர் நுனிய கொஞ்சம் வெட்டி ஸ்லைடுல வச்சா வோர்டிசெல்லா இருக்கும், காம்பு வச்ச மணி மாதிரி, கூட்டமா. தட்டினா காம்பு ஸ்ப்ரிங் மாதிரி சுருண்டு சட்டுனு உள்ள போயிடும், மெதுவா திரும்ப நீளும். எங்க தெரு முனையில கண்டெய்னர் லாரி போனா மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல சுருங்கும். லாரி வர்றத எனக்கு முன்னாடி அதுங்களுக்குத்தான் தெரியுது!

ஸ்லைடு போடும்போது ரெண்டு மூணு பஞ்சு இழை வச்சு அதுக்கு மேல கவர் ஸ்லிப், அதான் மெல்லிசு கண்ணாடித் துண்டு, வைங்க, பூச்சி நசுங்காது, இழைல மாட்டி கொஞ்சம் நிதானமாவும் இருக்கும். ஃபேன நிறுத்தணும், இல்லன்னா சொட்டு காஞ்சிடும், மே மாசத்துல இது பெரிய தவம். கால்வாய், சாக்கடை தண்ணி வேணாம், கையில காயம் இருந்தா எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு இருக்கு. எந்தத் தண்ணியா இருந்தாலும் சோப்பு போட்டு கையக் கழுவுங்க.

ஒரு நாள் சைக்ளாப்ஸ் மாட்டுச்சு, நெத்தியில ஒத்தக் கண்ணு, வால் பக்கம் ரெண்டு முட்டை மூட்டை தொங்குது. எங்க ஆயா ஊர்ல கொளத்துத் தண்ணிய வேட்டித் துணியில வடிகட்டித்தான் கொடத்துல ஊத்துவாங்க, நரம்புச் சிலந்தி, அதாவது ஒடம்புக்குள்ள வர்ற ஒரு புழு நோய், வந்துடும்னு சொல்லுவாங்க, நான் ஏதோ பழைய காலத்து பயம்னு நெனச்சேன். அந்தப் புழுவோட குட்டிய வயித்துல தூக்கிட்டு வர்றது இந்த சைக்ளாப்ஸ்தான், துணியில நின்னுடற சைஸுதான் அது. இந்தியாவுல கடைசி கேஸ் 1996ல, ராஜஸ்தான்ல. 2000ல ஒழிஞ்சுதுன்னு அறிவிச்சுட்டாங்க. ஆயா இருந்திருந்தா அந்த ஒத்தக் கண்ண காட்டியிருப்பேன்.

குளமே வேணாம்னா மொட்டை மாடிக்குப் போங்க. மழைத்தண்ணி போற பைப்பு வாயில காஞ்சு கெடக்கற மண்ணு, செவுத்துல பொரிஞ்சு கறுத்துப்போன பாசி, ஒரு ஸ்பூன் சொரண்டி தண்ணியில ஊற வைங்க. ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா, சில சமயம் மறுநாள்தான், தூசின்னு நெனச்சது அட்டை மாதிரி நீண்டு சுருங்கி நடக்கும். அது ரோட்டிஃபர். தலையில ரெண்டு சக்கரம் சுத்தற மாதிரி இருக்கும், ஆனா எதுவும் சுத்தல, திருவிழா சீரியல் பல்பு நின்ன எடத்துலயே நின்னு வெளிச்சம் மட்டும் ஓடுமே அந்த மாதிரி முடிங்க வரிசையா அசையுது. நடுவுல தாடை வெத்தலை மெல்ற மாதிரி ஓயாம அரைக்கும். இத 1702லயே லீவன்ஹூக் பண்ணியிருக்கார், டச்சுக்காரர், துணி வியாபாரி, அவரும் வீட்டுக் கூரைத் தண்ணி போற கால்வாய்ல காஞ்ச மண்ணத்தான் எடுத்து நனைச்சுப் பாத்தார். சைபீரியால 24,000 வருஷம் உறைஞ்சு கெடந்த ரோட்டிஃபர் எழுந்துடுச்சுன்னு 2021ல ஆராய்ச்சி வந்துது, எங்க மாடியில உள்ளது ஒரு கோடைக்காலம் தாங்கறது அதுக்கு ஒரு விஷயமே இல்ல.

அதனால பையனோட பொம்மைய தூக்கிப் போடாதீங்க, அதுல இருக்கறதுலயே கம்மி மடங்கு லென்ஸ போட்டு, கொளத்தூர்ல கலர் மீன் கடையில மொயினா கேட்டு வாங்கிட்டு வந்து வைங்க, கண்டிப்பா தெரியும். பாசிக்குள்ள இருக்கற டார்டிகிரேட்னு ஒரு எட்டுக் கால் குட்டி ஜந்து மட்டும் எனக்கு இன்னும் மாட்டல, மூணு மாடிப் பாசிய சொரண்டிப் பாத்துட்டேன். உங்க வீட்டுப் பாசியில வந்துச்சுன்னா எந்தப் பக்கத்து செவுருன்னு கீழ சொல்லுங்க சார்.