சர்வர் மாற்றம்: கொட்டேஷன் கேட்பதற்கு முன்

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 ஓடும் ஒரே சர்வர் இருக்கிறது. டொமைன் கன்ட்ரோலர் (ஊழியர்களின் உள்நுழைவைச் சரிபார்க்கும் பகுதி), கோப்புப் பகிர்வு, கணக்கு மென்பொருளான டேலி எல்லாம் அதில்தான். ஊழியர்கள் 40 பேரில் 12 பேர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக டேலியைப் பயன்படுத்துகிறார்கள். புதிய சர்வர் வாங்கி 2025 பதிப்புக்கு மாறும்படி விற்பனையாளர் சொல்கிறார். பழைய உரிமங்கள் செல்லுமா? நேரடியாக மாறிவிடலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: பழைய உரிமங்கள் செல்லா. சர்வருடன் சேர்ந்து வந்த ஓ.இ.எம். உரிமம் அந்தப் பெட்டிக்கே உரியது. புதிய பெட்டிக்கு அதை எடுத்துச் செல்ல முடியாது. தனியாக வாங்கிய உரிமமாக இருந்தாலும், சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் (புதிய பதிப்புகளுக்கும் உரிமை தரும் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம்) நடப்பில் இல்லையென்றால் புதிய பதிப்புக்கு முழு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இதைவிடப் பலரும் கோட்டைவிடும் இடம், சர்வரைப் பயன்படுத்துபவர்களுக்காகத் தனியாக வாங்க வேண்டிய அணுகல் உரிமம், அதாவது சி.ஏ.எல். சர்வரின் பதிப்புக்கு இணையான அல்லது அதற்குப் பிந்தைய சி.ஏ.எல். மட்டுமே செல்லும் என்பதால், 2012க்கு வாங்கியவை 2025க்கு உதவா. இது ஆள்வாரியாகவும் கிடைக்கும், கருவிவாரியாகவும் கிடைக்கும். ஷிப்டு முறையில் மூன்று பேர் ஒரே கணினியில் வேலை செய்யும் பிரிவுக்குக் கருவிவாரி உரிமம் சிக்கனம். மடிக்கணினி, கைப்பேசி என்று பலவற்றிலிருந்து நுழைபவருக்கு ஆள்வாரி உரிமமே பொருந்தும். ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையும் 12 பேருக்கும் இதற்கு மேல் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான தனி அணுகல் உரிமம் (ஆர்.டி.எஸ். சி.ஏ.எல்.) தேவை. அது இல்லாமலும் 120 நாட்கள் எல்லாம் சரியாகவே ஓடும் என்பதால் நிறுவியவர் மறந்துவிடுவார். பிறகு ஒரு நாள் காலையில் யாராலும் டேலியைத் திறக்க முடியாது.

சர்வருக்கான உரிமம் 2016 பதிப்பிலிருந்து பிராசஸர் கணக்கை விட்டு, அதற்குள் இருக்கும் செயல் அலகுகளான கோர்களின் கணக்குக்கு மாறிவிட்டது. பிராசஸருக்குக் குறைந்தது 8 கோர், சர்வருக்குக் குறைந்தது 16 கோர் என்று உரிமம் வாங்க வேண்டும். 'பிற்காலத்துக்கு உதவும்' என்று 32 கோர் பெட்டியை வாங்கினால் உரிமச் செலவும் இரட்டிப்பாகும். உங்கள் அளவுக்கு 16 கோருக்கு மேல் தேவையில்லை என்பது என் கருத்து. எல்லாக் கோர்களுக்கும் ஒருமுறை ஸ்டாண்டர்டு உரிமம் வாங்கினால், அந்தப் பெட்டியில் இரண்டு மெய்நிகர் சர்வர்களை (ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனித்தனிச் சர்வர்களை) இயக்கலாம். ஒன்றை டொமைன் கன்ட்ரோலருக்கும் மற்றொன்றை டேலிக்கும் கோப்புகளுக்கும் ஒதுக்கிவிடுங்கள். இவை ஒரே சர்வரில் கலந்து கிடப்பதே உங்களுடைய இப்போதைய சிக்கலில் பாதி.

நேரடி மாற்றத்தைப் பொறுத்தவரை, 2012 ஆர்2விலிருந்து 2025க்கு ஒரே தாவலில் மேம்படுத்த மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கிறது என்றாலும் டொமைன் கன்ட்ரோலருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. 2025 பதிப்பு டொமைன் கன்ட்ரோலராக வேண்டுமானால் டொமைனின் செயல்பாட்டு நிலை (அதில் இடம்பெறக்கூடிய மிகப் பழைய கன்ட்ரோலர் பதிப்பைத் தீர்மானிக்கும் அமைப்பு) 2016ஆக இருக்க வேண்டும். 2012 ஆர்2 கன்ட்ரோலர் உள்ளே இருக்கும்வரை அந்த நிலைக்கு உயர்த்த முடியாது. ஆகவே 2025 உரிமத்தையே வாங்கி, அது தரும் முந்தைய பதிப்பு உரிமையைக் கொண்டு கன்ட்ரோலருக்கு மட்டும் 2022ஐ நிறுவுங்கள். அதற்கான நிறுவல் கோப்பும் சாவியும் எப்படிக் கிடைக்கும் என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். 2022ஐக் கன்ட்ரோலராக்கி, எஃப்.எஸ்.எம்.ஓ. எனப்படும், டொமைனில் ஒரு கன்ட்ரோலரிடம் மட்டும் இருக்கும் ஐந்து பொறுப்புகளையும் அதற்கு மாற்றி, கணினிகள் சர்வரைப் பெயரால் கண்டறிய உதவும் டி.என்.எஸ். அமைப்பையும் திருத்திச் சில நாட்கள் கவனித்த பிறகே பழையதை விலக்க வேண்டும். உங்கள் டொமைன் 2003 காலத்தில் தொடங்கியதென்றால் சிஸ்வால் (கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் பகிரும் ஃபோல்டர்) இன்னும் எஃப்.ஆர்.எஸ். என்ற பழைய முறையில் நகலாகிக்கொண்டிருக்கலாம், அதை முதலில் டி.எஃப்.எஸ்.ஆர். என்ற புதிய முறைக்கு மாற்றாமல் 2022 உள்ளே வராது. பழைய ஸ்கேனர்களையும் சோதித்துப் பாருங்கள். எஸ்.எம்.பி. 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை மட்டுமே தெரிந்த ஸ்கேனரால் புதிய சர்வரின் ஃபோல்டரில் கோப்பைச் சேமிக்க முடியாது.

கேள்வி: பணம் கட்டினால் 2012 ஆர்2வுக்கு 2026 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்குமாமே? அதுவரை தள்ளிப்போடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிந்தது. நீட்டிக்கப்பட்ட திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. ஆனால் சொந்த அலுவலகத்தில் இருக்கும் சர்வருக்கு அவற்றை வாங்க சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் போன்ற ஒப்பந்தம் வேண்டும். நடுவில் சேர்பவர் கடந்த ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஓ.இ.எம். உரிமம் மட்டும் வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கு இந்தக் கதவு ஏறக்குறைய மூடியதுதான். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸ்யூருக்குச் சர்வரை மாற்றுபவருக்குத் திருத்தங்களுக்கெனத் தனிக் கட்டணம் இல்லை. அங்கே மாத வாடகை உண்டு.

கேள்வி: கையில் பயன்படுத்தாத 2016 உரிமம் இருக்கிறது. அதையே நிறுவலாமா?
- வாசகர், மதுரை

பதில்: நிறுவலாம், ஆனால் அதன் ஆதரவு 2027 ஜனவரி 12 அன்று முடிகிறது. 2019க்கு 2029 ஜனவரி 9 வரையிலும், 2022க்கு 2031 அக்டோபர் 14 வரையிலும் ஆதரவு உண்டு. 2016க்காகப் புதிதாக சி.ஏ.எல். வாங்க நேர்ந்தால், அப்போதைய புதிய பதிப்புக்கான சி.ஏ.எல்.லையே கேளுங்கள், அது பழைய பதிப்புகளுக்கும் செல்லும்.