விசில் அடித்துக் கூப்பிடுவார்கள்

கேள்வி: மகன் தினமும் கால்பந்து ஆடப் போகிறான். அந்தக் கூட்டத்தால் என்ன பயன்?
— ஒரு தாய், பெரம்பூர்

பதில்: நிறுத்திவிடாதீர்கள் அம்மா. நான் வியாசர்பாடியில் வெறுங்காலோடு பந்து விரட்டி வளர்ந்தவன். பதினான்கு வயதில் அப்பா இறந்தபோது டீம் மொத்தமும் வாசலில் வந்து நின்றது. கோல்கீப்பர் அண்ணன் மூன்று நாள் தன் வீட்டுக்கே போகவில்லை. என் தங்கைக்கு பன்னை டீயில் நனைத்து ஊட்டிவிட்டார். நான் லெப்ட் பேக், அதாவது இடப்பக்கம் நின்று தடுத்து ஆடுபவன்; ஒரு கோல்கூட அடித்ததில்லை. ஆனாலும் நான் வராமல் ஆட்டம் தொடங்காது. தெருமுனையில் நின்று விசில் அடிப்பார்கள். கால்பந்தை விடுங்கள், கேரமைத் தனி ஆட்டம் என்போம்; அதிலும் கூட்டு உண்டு. 2024 உலக கேரம் போட்டியில் நம் புது வண்ணாரப்பேட்டை காசிமா வென்ற 3 தங்கத்தில் ஒன்று இரட்டையரில், ஒன்று குழுவில்! சரி, படிப்பு? ஆறரைக்குள் வீடு திரும்பச் சொல்லுங்கள். அப்புறம், ஒருநாள் நீங்களும் மைதானத்துக்குப் போய் அவன் ஆடுவதைப் பாருங்கள்.