இரைப்பைப் புற்றுநோய் தோலுக்குப் பரவினால் எப்படித் தெரியும்?

இரைப்பைப் புற்றுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட தந்தையின் தொப்புளில் சிறு கட்டி வந்திருக்கிறது, நோய் பரவிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தோல் மருத்துவர். படத்தைப் பார்த்து என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எப்போது சந்தேகப்பட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்தப் புற்று தோலுக்கு வருவது அரிது. வந்தால், கண்ணைவிட விரலுக்குத்தான் முதலில் பிடிபடும். கொழுப்புக் கட்டி மெத்தென்று நழுவும். இதுவோ கெட்டியாக, பல நேரம் அடியோடு ஒட்டி நகராமல் நிற்கும். பெரும்பாலும் வலிக்காது. தோலின் நிறத்திலேயே இருக்கலாம், சிவந்தோ ஊதாவாகவோ இருக்கலாம். கருத்த தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. சில வாரங்களிலேயே பெரிதாவது முக்கியமான அடையாளம். தொப்புள், வயிறு, அறுவைத் தழும்பு ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். மார்பிலும் கழுத்திலும் தலையிலும்கூட வரலாம்.

தொப்புளில் வருவதற்கு 'சிஸ்டர் மேரி ஜோசப் முடிச்சு' என்று பெயர். அமெரிக்காவில் வில்லியம் மேயோவுக்கு அறுவை உதவியாளராக இருந்த கன்னியாஸ்திரி அவர். தொப்புளில் இப்படிக் கெட்டி தட்டுப்பட்டவர்களுக்கு வயிற்றுக்குள் புற்று பரவியிருப்பதை முதலில் கவனித்தவர் அவர்தான். மேயோ அதை 1928-இல் எழுதினார். ஆனால் தொப்புள் குடலிறக்கமும், தழும்பு தடித்துப்போவதும் அதே இடத்தில் வரும். அதனால் இப்போதே கலங்க வேண்டாம்.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது இன்னொரு வடிவம். தோல் பரவலாகச் சிவந்து தடித்து, கிருமித்தொற்று போலவே இருக்கும். காய்ச்சல் இருக்காது, ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காது. உடனே வேறொரு ஆன்டிபயாடிக், பிறகு இன்னொன்று என்று வாரங்கள் ஓடிவிடும். புற்று வரலாறு உள்ளவருக்கு முதல் மருந்து கேட்கவில்லை என்றாலே பயாப்சி (தோலில் சிறு துண்டெடுத்துச் சோதிப்பது) கேளுங்கள்.

(திடீரென மொய்க்கும் அரிப்புள்ள மருக்கள், அக்குளில் வெல்வெட் போன்ற கருமை ஆகியவை புற்றோடு சேர்ந்து வரலாம்; ஆனால் அவை பரவல் அல்ல. அக்குள் கருமைக்குப் பெரும்பாலும் உடல் பருமனோ சர்க்கரையோதான் காரணம்.)

பயாப்சி சிறிய வேலைதான்: மரத்துப்போக ஊசி, சில மில்லிமீட்டர் துண்டு, ஓரிரு தையல். போகும்போது பழைய அறுவையின் திசு அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள், முடிந்தால் அந்தத் திசுவின் கண்ணாடி ஸ்லைடுகளையும். பழைய திசுவையும் புதியதையும் ஒப்பிட்டால்தான் இது இரைப்பையிலிருந்து வந்ததா என்று நோயியல் நிபுணரால் தெளிவாகச் சொல்ல முடியும். பரவல் என்று உறுதியானால் அது நான்காம் நிலை. அதே துண்டில் ஹெர்-2 சோதனையும் (புற்றணுக்களில் ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்க அது புற்றுநோய் மருத்துவருக்குத் தேவைப்படும்.