டாக்டர் அண்ணனும் சாட்சிக் கூண்டும்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். என் அண்ணன் எம்.டி. படித்துவிட்டு ரொம்ப வருடம் மருந்து ஆராய்ச்சியில் இருந்தார். இப்போது மருத்துவ வழக்குகளில் நிபுணர் சாட்சியாகக் கோர்ட்டுக்குப் போகிறார். 'காசு வாங்கிக்கொண்டு சக டாக்டர்களையே காட்டிக்கொடுக்கிறான்' என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். அம்மா அழுகிறார். ஊருக்கு வந்து கிளினிக் போடச் சொல்லலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மாவின் வருத்தம் புரிகிறது. வாசலில் போர்டும் படியில் நாலு ஜோடி செருப்பும் கிடந்தால்தான் நம் பக்கம் டாக்டர். கிளினிக் விஷயத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். காசும் அப்படித்தான், ஒரு கட்டு கேஸ் ஷீட்டை உட்கார்ந்து படிப்பவர் ஃபீஸ் வாங்காமல் என்ன செய்வார்?

ஆனால் 'காட்டிக்கொடுக்கிறான்' என்பதைச் சொந்தக்காரர்கள் தலையில் போட்டுவிட்டு நீங்களும் பாதி நம்புகிறீர்கள், அதுதான் எரிச்சலாக இருக்கிறது. இன்னொரு டாக்டரின் நம்பகமான கருத்து இல்லாமல் ஒரு டாக்டர் மேல் கிரிமினல் புகாரை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதே டாக்டர்களைக் காப்பாற்றத்தான்.

எனக்கு சத்துவாச்சாரி கோர்ட் ஞாபகம் வந்துவிட்டது. வாலாஜா பக்கம் ஹைவேயில் லாரி இடித்து சித்தப்பாவின் முழங்கால் போனது. நஷ்டஈட்டு வழக்கில் சாட்சிக்கு வந்த டாக்டர் அவருக்கு வைத்தியம் பார்த்தவரே இல்லை. காலை இரண்டு தரம் மடக்கிப் பார்த்து அறுபது சதவீத ஊனம் என்று எழுதியிருந்தார். இன்சூரன்ஸ் வக்கீல் நிதானமாகக் கேட்டார்: "அறுபது காலுக்கா டாக்டர், மொத்த உடம்புக்கா?" டாக்டர் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சித்தப்பாவோ ஜட்ஜ் கண்ணில் படட்டும் என்று வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். வலி நிஜம், கணக்கு பொய், அதனால் வலியும் பொய்யாகிவிட்டது. இந்த மாதிரி ரெடிமேட் சர்டிபிகேட்டுகளைப் பற்றி 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே எச்சரித்தது.

உங்கள் அண்ணன் பழகிய மருந்து ஆராய்ச்சி வேலை இதற்கு நேர் எதிர். யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. எதை அளக்கப் போகிறோம் என்று முன்னாலேயே எழுதிவைக்க வேண்டும், முடிவு பிடிக்கவில்லை என்று அப்புறம் மாற்ற முடியாது. பூச்சிமருந்து விஷத்துக்குப் போடும் பிராலிடாக்ஸிம் ஊசியை 1990-களில் நம் வேலூரிலேயே இப்படிச் சோதித்தார்கள். நம்பிப் போட்டுவந்த ஊசி, பலன் தெரியவில்லை. நாளைக்கு 'அந்த ஊசி போடாததால்தான் எங்கள் பையன் போனான்' என்று ஒரு குடும்பம் கேஸ் போட்டால் கூண்டில் யார் ஏற வேண்டும்? 'என் இத்தனை வருட அனுபவத்தில்' என்று ஆரம்பிக்கிற பெரிய டாக்டரா, போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவரா? 'இந்த ரெக்கார்டை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது' என்று ஜட்ஜிடம் சொல்லக்கூடிய ஆள் சித்தப்பாவுக்குக் கிடைக்கவில்லை.

அண்ணனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: நோயாளி கூப்பிட்டாலும் போகிறாரா, ஆஸ்பத்திரி கூப்பிட்டாலும் போகிறாரா? ஒரே பக்கம்தான் என்றால் எனக்கு எழுதுங்கள், உங்கள் சொந்தக்காரர்களோடு சேர்ந்து நானும் திட்டுகிறேன்.